சாட்சியும் அவரே, பொறுப்பாளியும் அவரே: ஆசியப் பெண் கடத்தல் விசாரணைகளில் காலனி அதிகாரிகள்

1. ஒரே சங்கம், இரண்டு வழிமுறைகள்

1920களின் நடுவில் பால் கின்சி என்ற அமெரிக்கர், தானும் ஒரு தரகன்தான் என்று சொல்லிக்கொண்டு, துறைமுக நகரங்களில் பெண்களை வைத்துத் தொழில் நடத்துபவர்களிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊரில் தொழில் நன்றாக நடக்கிறது, பெண்ணை எந்த வழியாகக் கப்பலேற்றலாம், போலிக் காகிதங்களுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு எழுதி அனுப்பினார். அவரை அனுப்பியது ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு. 1927இல் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை 28 நாடுகளில் 112 நகரங்களையும் மாவட்டங்களையும் பார்த்ததாகவும், பேசிய 6,500 பேரில் ஏறத்தாழ 5,000 பேர் பாலியல் தொழிலோடு நேரடித் தொடர்புடையவர்கள் என்றும் சொன்னது.

மூன்றாண்டுகள் கழித்து அதே சங்கம் ஆசியாவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. கள விசாரணையின் தலைவர், முந்தைய கள விசாரணையையும் நடத்திய அதே பாஸ்கம் ஜான்சன். பணமும் பெரும்பாலும் அதே அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கொடையிலிருந்துதான் வந்தது. ஆனால் இந்த முறை மாறுவேடம் கிடையாது. மூன்று பேர் அதிகாரபூர்வ விருந்தினர்களாகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆளுநர் மாளிகை அதிகாரிகளும் போலீஸ் ஆணையர்களும் குடியேற்றத்துறையினரும் அவர்களை வரவேற்று உட்காரவைத்து விளக்கம் சொன்னார்கள்.

இந்த மாற்றம் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆசியாவில் பெண்களும் சிறுமிகளும் விற்கப்பட்டது குறித்து இன்று நம் கைக்குக் கிடைக்கும் பேரறிக்கைகளில் எவ்வளவு நேரில் கண்டது, எவ்வளவு காலனி அலுவலகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ்?

மாறுவேட முறையும் மாசற்றதல்ல. பெல்ஜியச் சமூகவியலாளர் ஜான்-மிஷேல் சோமோன், 1927 அறிக்கை திரட்டிய களக்குறிப்புகளை மறுபடி படித்து, தெரிந்தே தொழிலுக்குப் பயணமான பெண்களையும் ‘கடத்தப்பட்டவர்கள்’ பட்டியலில் சேர்க்கும் சாய்வு அதில் இருந்ததைக் காட்டுகிறார். எனவே ஒற்றர் சொன்னது உண்மை, அதிகாரி சொன்னது பொய் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எது தெரியாமல் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

2. சிங்கப்பூரின் ‘காப்பாளர்’

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சங்கம் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூரில் இதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. 1877இல் வில்லியம் பிக்கரிங்கின் தலைமையில் தொடங்கப்பட்ட சீனர் காப்பகம் அது. சீன மொழி தெரிந்த ஐரோப்பிய அதிகாரிகள் அபூர்வமாக இருந்த காலத்தில் பிக்கரிங்குக்கு அது தெரிந்திருந்தது. கூலித் தொழிலாளர்களின் ஒப்பந்தம், இரகசியச் சங்கங்களின் பதிவு, பெண்களின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே மேசைக்கு வந்தன.

தென் சீனத் துறைமுகங்களிலிருந்து கப்பல் வந்ததும் பெண்களைத் தனியே விசாரிப்பது காப்பகத்தின் வேலை. எங்கிருந்து வருகிறாய், கூட வந்தவர் யார், எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால் பெண்ணை ‘பொ லியுங் குக்’ என்ற பெண்கள் காப்பு இல்லத்துக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் அழைத்து வந்தவரிடம் பிணைப்பத்திரம் வாங்குவார்கள். கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரி என்பதால், பதில்களைக் கப்பலிலேயே பாடம் பண்ணிவைத்து அழைத்து வருவது தரகர்களுக்குக் கைவந்த கலை. ‘அத்தை’ என்று ஒருத்தி கூடவே நிற்பாள். பெண் அத்தையின் முகத்தைப் பார்த்தபடியே பதில் சொல்வாள். காப்பக அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும், ஒரு கப்பலில் வந்திறங்கும் அத்தனை பேரையும் ஒரு பிற்பகலுக்குள் விசாரித்து முடிக்க வேண்டிய அலுவலகம் அது.

இன்னொரு முரண் இதைவிடப் பெரிது. அன்றைய சிங்கப்பூரில் பாலியல் தொழில் விடுதிகள் சட்டவிரோதமானவை அல்ல. 1870இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் அவற்றைப் பதிவு செய்தது. அந்தச் சட்டம் 1888இல் நீக்கப்பட்ட பிறகும், ‘அறியப்பட்ட விடுதிகள்’ என்ற பெயரில் 1920களின் இறுதிவரை அவை காப்பகத்தின் பார்வையில் இயங்கின. விடுதிக்குச் சேர வந்த பெண்ணைக் காப்பகத்துக்கு வரவழைத்து, ‘நீ சுதந்திரமானவள், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்’ என்று சொல்லி அனுப்பினார்கள். கடன் தலைக்குமேல் இருக்கும் பெண்ணுக்கு அந்த வாசகத்தால் என்ன பயன் என்பது வேறு கதை. விடுதிகளின் பட்டியலை வைத்திருந்த அலுவலகமே பெண்களின் காவலனாகவும் இருந்தது. பின்னாளில் ஜெனீவாக் குழு வந்தபோது முதல் சாட்சியாகவும் அதுவே நின்றது.

ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் வாரன் 1993இல் வெளியிட்ட ‘ஆ கு அண்ட் காராயுகி-சான்’ என்ற நூல் இந்த நகரத்தின் சீன, ஜப்பானியப் பாலியல் தொழிலாளர்களைப் பற்றியது. காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் எண்களாக மட்டும் வரும் பெண்களை அவர் பிரேத விசாரணைப் பதிவுகளில் தேடினார். தற்கொலை, கொலை, நோய் என்று சாவு விசாரணைக்கு வந்தபோதுதான் ஒரு பெண்ணின் பெயர், அறை, கடன், கூட இருந்த தோழிகள் எல்லாம் பதிவாயின. ஆண்டறிக்கையில் ‘நிலைமை திருப்திகரம்’ என்று எழுதப்பட்ட அதே நகரத்தின் இன்னொரு காகிதம் அது.

1916இல் ஜான் கோவன் என்ற ஒழுக்கச் சீர்திருத்தவாதி ரங்கூனையும் சிங்கப்பூரையும் நேரில் பார்த்துக் கடுமையாக எழுதியதும் நினைவுகூரத் தக்கது. அவருடைய எழுத்தில் மதப்பிரசங்க வாடை அதிகம், இனவெறுப்பும் எட்டிப்பார்க்கும். ஆனாலும் தெருக்களுக்குள் நடந்துபோய்ப் பார்த்தவர் அவர்.

3. மூவர் குழுவின் பயணம்

1930 இறுதியில் கிளம்பிய குழுவில் அமெரிக்கர் ஜான்சன், சுவீடன் மருத்துவர் ஆல்மா சுண்ட்க்விஸ்ட், சீனாவில் பணியாற்றிய போலந்துத் தூதரக அதிகாரி கரோல் பிண்டோர் ஆகியோர் இருந்தனர். ஆசியர் ஒருவர்கூட இல்லை. சீனா, ஜப்பான், கொரியா, ஹாங்காங், பிலிப்பைன்ஸ், பிரெஞ்சு இந்தோசீனா, சயாம், மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், இலங்கை, இந்தியா, பாரசீகம், ஈராக், பாலஸ்தீனம் என்று பயணம் நீண்டது. அறிக்கை 1932 இறுதியில் தயாரானது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல்.

மாறுவேட விசாரணை ஏன் கைவிடப்பட்டது? வெள்ளைக்காரர் ஒருவர் காண்டன் தெருவிலோ பட்டாவியாவிலோ ‘தரகனாக’ நடிக்க முடியாது என்பது நியாயமான நடைமுறைக் காரணம். அதைவிட முக்கியமானது அரசுகளின் ஒப்புதல். ஆசியாவின் பெரும்பகுதியை ஆண்டது பிரிட்டன், பிரான்சு, நெதர்லாந்து, ஜப்பான், அமெரிக்கா ஆகிய ஐந்து அரசுகள். அமெரிக்கா நீங்கலாக மற்றவை சங்கத்தின் தூண்கள். அவற்றின் வீட்டுக்குள் அவற்றின் அனுமதியின்றி எட்டிப்பார்க்கச் சங்கத்துக்குத் துணிவில்லை, அதிகாரமும் இல்லை. எனவே அரசுகளோடு ‘ஒத்துழைத்து’ விசாரிப்பது என்று முடிவாயிற்று.

அறிக்கையின் முடிவுகள் அற்பமானவை அல்ல. ஆசியாவுக்குள் நடக்கும் கடத்தலில் மிகப் பெரும் பகுதி ஆசியப் பெண்களை ஓர் ஆசிய நாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதுதான் என்றது அது. எண்ணிக்கையில் சீனப் பெண்கள் முதலிடம். அடுத்து ஜப்பானியப் பேரரசின் பெண்கள், கொரியரும் தைவானியரும் உட்பட. ‘வெள்ளைப் பெண்கள்’ கீழ்த்திசைக்குக் கடத்தப்படுகிறார்கள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுப்பிய கூக்குரலுக்கு ஆதாரம் குறைவு. மேற்கத்தியப் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. விதிவிலக்கு ஹார்பினிலும் ஷாங்காயிலும் நாடிழந்து நின்ற ரஷ்ய அகதிப் பெண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடத்தலை நிறுத்தச் சிறந்த மருந்து அனுமதி பெற்ற விடுதிகளை ஒழிப்பதுதான் என்று குழு எழுதியது. விடுதிகளை நடத்த அனுமதித்த அரசுகளின் விருந்தினராகச் சுற்றிவந்தவர்கள் இதைச் சொன்னது பாராட்டத்தக்கதே.

இருந்தாலும், காரணம் சொல்லும் இடத்தில் அறிக்கை வழுக்குகிறது. அயலகம் போன சீன ஆண்கள் சீனப் பெண்களையே நாடுகிறார்கள், ஜப்பானியர் இருக்குமிடத்துக்கு ஜப்பானியப் பெண்கள் வருகிறார்கள் என்ற போக்கில் அது விளக்குகிறது. தேவையும் வரவும் ‘அவர்களுக்குள்’ என்றாகிவிடுகிறது. மலாயாவின் ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஆண்களை மட்டும் கூட்டங்கூட்டமாக இறக்கியது யார்? குடும்பத்தோடு வர வழியில்லாத கூலியை நிர்ணயித்தது யார்? இந்தக் கேள்விகள் ‘இனப் பழக்கம்’ என்ற விளக்கத்துக்குள் மறைந்துபோயின. அதிகாரிகள் வழக்கமாகப் பேசும் மொழி அதுதான். அறிக்கை அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

குழு மலாயாவில் இருந்த அதே காலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பொருளாதார மந்தத்தால் சீன ஆண்களின் வருகைக்கு 1930இல் வரம்பு விதிக்கப்பட்டது. பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லை. வரம்புக்குட்பட்ட சீட்டு விலையேற, கப்பல்கள் பெண்களை ஏற்றத் தொடங்கின. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் தாமாகவே வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவர்களில் இருந்தார்கள். பெண் பயணி என்றாலே சந்தேகத்துக்குரியவள் என்று பார்க்கப் பழகிய அலுவலகத்துக்கு இவர்களைப் பிரித்தறிவது எளிதாக இல்லை.

4. எல்லையைத் தாண்டினால்தான் குற்றம்

குழுவுக்குத் தரப்பட்ட பணி ‘சர்வதேச’ கடத்தல். நாட்டெல்லை தாண்டாத விற்பனை அதன் கணக்கில் வராது. ஆனால் பேரரசுகளின் உலகில் எது நாட்டெல்லை?

பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கடல் கடந்து ரங்கூனுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண், சட்டத்தின் கண்ணில் உள்நாட்டுப் பயணி. இந்தியக் கூலி ஆண்கள் நிரம்பிவழிந்த ரங்கூனில் இந்தியப் பெண்களை வைத்து விடுதிகள் நடந்தது ஊரறிந்த செய்தி. ஆனாலும் அது ‘சர்வதேச’ பட்டியலுக்குத் தகுதி பெறவில்லை. கொரியாவிலிருந்து மஞ்சூரியாவில் ஜப்பான் வசமிருந்த பகுதிகளுக்குப் போன பெண்களின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

1921 ஜெனீவா உடன்படிக்கை, சம்மதம் இருந்தாலும் கடத்தல் குற்றமே என்பதற்கான வயது வரம்பை 21ஆக உயர்த்தியது. இந்தியா அதை 16 என்று மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு கையெழுத்திட்டது. ஜப்பான் 18 என்றது. கொரியாவையும் தைவானையும் உடன்படிக்கைக்கு வெளியே வைத்தது. வயது ஒதுக்கீட்டை ஜப்பான் 1927இல் விலக்கிக்கொண்டது. காலனிகளை விலக்கிவைக்க உடன்படிக்கையிலேயே ஒரு பிரிவு இருந்தது. ‘உள்ளூர் வழக்கம்’ இதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஐரோப்பியப் பெண்ணுக்கு 21 வயதுவரை கிடைத்த பாதுகாப்பு, திருநெல்வேலிப் பெண்ணுக்கு 16இலேயே முடிந்துவிட்டது.

இந்திய அரசு கைகழுவிய விதமும் கவனிக்கத்தக்கது. 1919 ஆட்சிச் சீர்திருத்தத்துக்குப் பின் இந்தக் கடத்தலைத் தடுப்பது மாகாணங்களின் பொறுப்பு என்று டில்லி ஒதுங்கிக்கொண்டது. 1921இல் பர்மா, 1923இல் பம்பாயும் கல்கத்தாவும், 1930இல் சென்னை, 1933இல் வங்காளம் என்று மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. ஓரிடத்தில் விடுதி நடத்துவது குற்றம் என்றால் அடுத்த எல்லைக்குள் கூடாரத்தை மாற்றுவதற்கு வசதியான ஏற்பாடு. ஸ்டீபன் லெக் டில்லியை மையமாக வைத்துச் செய்த ஆய்வு, ஜெனீவாவின் கேள்வித்தாள் மேலிருந்து கீழே ஒவ்வோர் அலுவலகமாக இறங்கி வந்து, ‘எம் பகுதியில் அப்படி ஏதுமில்லை’ என்ற பதிலாக மேலே ஏறிய கதையைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

பம்பாயைப் பற்றி அஷ்வினி தாம்பே எழுதியது இன்னும் கூர்மையானது. ஐரோப்பியப் பெண்கள் இருந்த விடுதிகள் அங்கே போலீசுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. போலீஸ் கண்காணிப்பில்தான் நடந்தன. ‘சபேத் கல்லி’ என்று ஊரார் அழைத்த தெருவின் பெண்களைப் பற்றி அதிகாரிகளிடம் விரிவான தகவல் இருந்தது. பக்கத்துத் தெருக்களில் இருந்த இந்தியப் பெண்களைப் பற்றி அவ்வளவு இல்லை. சர்வதேசக் கேள்வித்தாள் வெளிநாட்டுப் பெண்களைக் கேட்டது. போலீஸ் கோப்பிலும் அவர்கள்தாம் இருந்தார்கள். கேள்வியும் பதிலும் அழகாகப் பொருந்திக்கொண்டன.

5. முய்த்சாய்: அதே சான்றுகள், இரண்டு தீர்ப்புகள்

அதிகாரியின் கூற்றை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது, வேறு வழியில்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தை உடைக்க ஹாங்காங்கின் முய்த்சாய் விவகாரத்தைப் பார்க்க வேண்டும்.

வறிய பெற்றோர் பணத்துக்குக் கைமாற்றிக்கொடுத்த சிறுமி, வசதியான சீன வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்வாள். வயது வந்ததும் எசமானர் அவளுக்குத் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்பது வழக்கம். அவளே முய்த்சாய். வழக்கம் நல்லபடியாக நடந்த வீடுகளும் உண்டு. அடியும் பட்டினியும் விடுதிக்கு மறுவிற்பனையும் நடந்த வீடுகளும் உண்டு. ஹாங்காங் அரசு நெடுங்காலம் இதைத் ‘தர்ம காரியத்தை ஒத்த குடும்ப ஏற்பாடு’ என்றே வருணித்தது. 1919இல் அங்கே வந்த கடற்படை அதிகாரியின் மனைவி கிளாரா ஹேசல்வுட் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். கணவரின் பணி அதோடு முடிந்தது. தம்பதியர் இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்றத்தை உலுக்கினார்கள். 1922இல் காலனிச் செயலர் வின்ஸ்டன் சர்ச்சில் ஓராண்டுக்குள் ஒழிப்பதாக வாக்களித்தார். 1923இல் சட்டமும் வந்தது.

சட்டத்தின் உயிர்நாடியான பதிவுப் பிரிவை மட்டும் அமலாக்காமல் வைத்தார்கள். 1929இல் லண்டனில் பாஸ்ஃபீல்டு பிரபு காலனிச் செயலராக வந்து கட்டாயப்படுத்திய பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கு 8,000க்கும் மேற்பட்ட முய்த்சாய்களைக் காட்டியிருந்தது. 1930இல் பதிவானவர்கள் 4,000க்குச் சற்று மேல். வழக்கம் தேய்ந்துவருகிறது என்றனர் அதிகாரிகள். மீதிப்பேர் ஒரே இரவில் ‘வளர்ப்பு மகள்’ ஆகிவிட்டார்கள் என்றனர் விமர்சகர்கள்.

1936இல் லண்டன் மூவர் ஆணையத்தை ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. தலைவர் சர் வில்ஃப்ரிட் வுட்ஸ், இலங்கையின் நிதிச் செயலராக இருந்தவர். சி. ஏ. வில்லிஸ் சூடானில் நிர்வாகம் பார்த்தவர். மூன்றாமவர் எடித் பிக்டன்-டர்பர்வில், தொழிற்கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். மூவரும் ஒரே சாட்சிகளைக் கேட்டார்கள், ஒரே இல்லங்களைப் பார்த்தார்கள். 1937 அறிக்கையில் வுட்சும் வில்லிசும் ஒன்றாகவும், பிக்டன்-டர்பர்வில் தனியாகவும் எழுதினார்கள். இருக்கும் முறையைச் செம்மைப்படுத்தினால் போதும் என்பது பெரும்பான்மை. பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை, பெற்றோரிடமிருந்து கைமாறிய ஒவ்வொரு சிறுமியும் பதிவாக வேண்டும், அரசு அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சிறுபான்மை. இரண்டு முன்னாள் காலனி நிர்வாகிகளுக்கு விளங்காதது, நிர்வாகத்தில் இருந்திராத ஒருவருக்கு விளங்கியது. பிற்பாடு மலாயாவிலும் ஹாங்காங்கிலும் அரசுகள் சிறுபான்மையின் வழியை ஏற்றுச் சட்டம் திருத்த முனைந்தன. எனவே சான்று இல்லை என்பது காரணமாகாது. அதை எந்த நாற்காலியிலிருந்து படிப்பது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

விற்கப்பட்ட சிறுமிகளில் ஒருத்தியின் குரல் அச்சேற 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் முய்த்சாயாக விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, செவிலியரான ஜேனட் லிம் அந்த ஆண்டில் ‘சோல்ட் ஃபார் சில்வர்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். ஆணையங்களின் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இல்லாத ஒன்று அதில் உண்டு: ஆய்வாளர் வீட்டுக்கு வரும்போது உள்ளே நிற்கும் சிறுமியின் கோணம்.

தமிழருக்கு நெருக்கமான ஓர் ஒப்பீடும் இங்கே தேவை. வுட்ஸ் ஆணையம் சுற்றிய காலத்தை ஒட்டியே, வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா போய், தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நிலையை விசாரித்து 1937இல் அறிக்கை தந்தார். கங்காணி முறையில் கடன் கொடுத்து ஆள் சேர்ப்பதும், சிறுமியைப் பணத்துக்குக் கைமாற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் கடன், இடைத்தரகர், கப்பல், தூரத்து எசமானர் என்ற சங்கிலியின் கண்ணிகள் பொதுவானவை. ஒன்று ‘தொழிலாளர்’ கோப்பிலும் மற்றது ‘பெண்கள், குழந்தைகள்’ கோப்பிலும் போய்ச் சேர்ந்தன. சாஸ்திரியின் அறிக்கை மலாயா இந்தியத் தலைவர்களுக்கு ஏமாற்றமாக முடிந்ததற்கும், அவர் பெரும்பாலும் நிர்வாகத்தின் கண்ணால் பார்த்தார் என்ற புகார் எழுந்ததற்கும் இதே நோய்தான் காரணம்.

6. பண்டுங், 1937

அறிக்கைகளால் விளைவே இல்லை என்பது அநியாயமான தீர்ப்பு. சிங்கப்பூர் 1930இல் விடுதிகளைச் சட்டப்படி மூடியது. ஹாங்காங் ஐரோப்பிய விடுதிகளை 1932இலும் சீன விடுதிகளை 1935இலும் மூடியது. இதில் ஜெனீவாவின் நெருக்கடிக்கும், லண்டன் பெண்கள் அமைப்புகளின் விடாப்பிடிக்கும் பங்கு உண்டு. மூடிய பிறகு தொழில் ஒளிந்து நடந்தது, பெண்களைத் தேடிப்போக அதிகாரிகளிடம் முகவரியும் இல்லாமல் போனது என்ற எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த எதிர்வாதத்தை அன்று மிக உரக்கச் சொன்னவர்கள், பதிவு முறையால் அதிகாரம் பெற்றிருந்த அதே அலுவலர்கள் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

1937 பிப்ரவரியில் ஜாவாவின் பண்டுங்கில் சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. கீழைநாடுகளின் மைய அதிகாரிகள் நேரில் சந்தித்துத் தகவல் பரிமாற ஏற்பாடு. அனுமதி பெற்ற விடுதிகளை ஒழிப்பது, பெண் அதிகாரிகளை நியமிப்பது, ஆசியாவிலேயே சங்கத்துக்கு ஓர் அலுவலகம் அமைப்பது என்ற பரிந்துரைகள் எழுந்தன. மாநாட்டிலும் அதிகாரிகளே அதிகாரிகளிடம் பேசினார்கள். கூடிக் கலைந்த ஐந்து மாதத்தில் ஜப்பான் சீனாவின் மீது போர் தொடுத்தது. கீழைநாட்டு அலுவலகம் அமையவில்லை. கொரியப் பெண்களையும் சீனப் பெண்களையும் படை முகாம்களுக்குக் கொண்டுபோகும் வேலையை அடுத்த சில ஆண்டுகளில் ஓர் அரசே எடுத்துக்கொண்டபோது, அதைக் கேட்க எந்த ஆணையமும் கிளம்பவில்லை.

சங்கத்தின் ஆவணங்கள் இப்போது ஜெனீவாவில் மின்னுருவாக்கப்பட்டு எவரும் படிக்கும்படி திறந்திருக்கின்றன. சென்னை மாகாணத்தின் அரசாணைகள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஜெனீவாவுக்குப் போன பதிலையும், அந்தப் பதிலை எழுதுவதற்குமுன் உள்ளூரில் நடந்த குறிப்புப் பரிமாற்றத்தையும் அருகருகே வைத்துத் தமிழில் எழுத ஓர் ஆய்வாளர் முன்வர வேண்டும். ரங்கூன் கப்பலேறிய பெண்களிலிருந்து அவர் தொடங்கலாம்.